டீச்சர் கார் இன்னும் மேலேதான் நிற்கிறது

ஜூன் 11, வியாழன்

சாரல் ஆரம்பித்துவிட்டது. இனி இரண்டு மாதம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கார்கள் எல்லாம் நம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். போகும்போது நிற்காவிட்டாலும் திரும்பும்போது ஒன்றிரண்டு நிற்கும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் லிஃப்ட் வைத்திருக்கிற ஒரே ஒர்க்‌ஷாப் ‘குத்தாலிங்கம் கார் ஒர்க்ஸ்’. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. குத்தாலிங்கம் நான்தான். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் கூடிவரவில்லை, லிஃப்ட் கூடிவந்தது. இரண்டு இரும்புத் தூண், அவற்றிலிருந்து நீளும் நான்கு கைகள், ஒரு பச்சைப் பொத்தான். பொத்தானை அமுக்கினால் கார் ஆள் உயரத்துக்கு மேலே போய் நிற்கும். நாம் கீழே நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒருவர் கடையை மூடியபோது வாங்கி வந்தேன்.

எதிர்க்கடை மாசானத்திடம் லிஃப்ட் கிடையாது. அவன் இன்னமும் தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் இறங்கித்தான் வேலை பார்க்கிறான். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். போன சீசனில் அதில் தவளை இருந்தது. அந்த மாசானம் இன்று ரோட்டைத் தாண்டி வந்து, இடுப்பில் கைவைத்து, லிஃப்டை ஏற இறங்கப் பார்த்தான்.

“நல்லாத்தாம்வே இருக்கு. நீரு அதிர்ஷ்டக்காரரு” என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டான்.

அந்தப் பெருமூச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

ஜெபக்கனி டீச்சர் கார் வந்தது. ‘கனி மகளிர் டிரைவிங் ஸ்கூல்’ நடத்துகிறார்கள். பள்ளி என்றால் ஒரு டீச்சர், ஒரு கார். வெள்ளை மாருதி, பழையது, டீச்சர் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளச்சும் வைத்தது. சைலென்சர் ஓட்டை விழுந்து, கார் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

லிஃப்டில் ஏற்றினேன். உச்சிக்குப் போனதும் இரண்டு தூணிலும் கொக்கி ‘டக்’கென்று விழுந்து பூட்டிக்கொண்டது. டீச்சர் அதை ரசித்துப் பார்த்தார். இறக்குவது எப்படி என்று கேட்டார். முதலில் ஒரு விரற்கடை மேலே தூக்கி, கொக்கியை விடுவித்து, அதற்கப்புறம்தான் இறக்க வேண்டும் என்று விளக்கினேன்.

“எறங்குறதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஏறணும்?”

“அதான் டீச்சர் பாதுகாப்பு.”

போகும்போது ஒரு விஷயம் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி ஆர்டிஓ ஆபீசில் டெஸ்ட். மூன்று பெண்கள். அதில் சண்முகத்தாய் என்கிற அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டது, எல்.எல்.ஆர் இந்த மாதத்தோடு முடிகிறது. “எம் மக சென்னைக்கு வந்துரு வந்துருன்னு ஒரே கரைச்சல். இந்த பேட்ச்சும் பாஸாவலேன்னா ஸ்கூல மூடிட்டு போயிர வேண்டியதுதான் அண்ணாச்சி” என்றார்.

நாளைக்கே முடித்துவிடலாம் என்று சொன்னேன். பேச்சில் ‘அண்ணாச்சி’ நாலைந்து தடவை வந்தது. நான் எண்ணவில்லை, காதில் விழுந்தது. எனக்கும் அவருக்கும் அப்படி ஒன்றும் வயது வித்தியாசம் இருக்காது.

ஜூன் 13, சனி

சைலென்சர் மாற்றியாகிவிட்டது. டீச்சர் திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வார். கார் மேலேயே இருக்கட்டும், பார்க்க அம்சமாக இருக்கிறது.

மாசானம் தன் பள்ளத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, வெகுநேரம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 14, ஞாயிறு. அமாவாசை

எனக்கு இந்தக் கண்ணேறு, திருஷ்டி எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் மெஷினோடு பழகுகிறவன். ஆனால் ஒர்க்‌ஷாப் என்று இருந்தால் ஊர் வழக்கத்துக்கு ஒரு தடியங்காய் கட்ட வேண்டியதுதான். (தடியங்காய் என்று எங்கள் பக்கம் சொல்வது வெள்ளைப் பூசணியை. வெளியூர்க்காரர்கள் யாரும் இந்த நோட்டைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.) ஆறு கிலோ. என்னுடன் வேலை பார்க்கும் தவசி கரியால் முகம் வரைந்தான். மீசை என் மீசை மாதிரியே அமைந்துவிட்டது. தற்செயல் என்கிறான்.

எங்கே கட்டுவது என்று பார்த்தோம். லிஃப்டின் இரண்டு தூணையும் உச்சியில் ஓர் உத்தரம் சேர்க்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, ரப்பர் சுற்றிய மெல்லிய கம்பி ஒன்று குறுக்கே போகிறது. வாங்கிய நாளிலிருந்து அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் புரிந்தது, திருஷ்டிக்குக் கட்டுவதற்கு. கோயம்புத்தூர்க்காரர்கள் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கம்பியின் ஓரமாக, காரில் இடிக்காத இடத்தில், கயிற்று வலையில் போட்டுக் கட்டினேன். முகம் சரியாக மாசானம் கடையைப் பார்த்து அமைந்தது. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஜூன் 15, திங்கள்

லிஃப்ட் வேலை செய்யவில்லை.

பச்சைப் பொத்தானை அமுக்கினால் உறுமல் கிடையாது, முனகல் கிடையாது, ஒன்றும் கிடையாது. கரண்ட் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது. ஒரு விரற்கடை மேலே தூக்க முடியாமல் கொக்கியை விடுவிக்க முடியாது. கொக்கியை விடுவிக்காமல் காரை இறக்க முடியாது. டீச்சர் குடையோடு வந்து கீழே நின்று தன் காரை அண்ணாந்து பார்த்தார்.

“எறங்காதா?”

“எறங்கும் டீச்சர். அதுக்கு ஏறணும்.”

“ஏறாதா?”

தவசி வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். எந்த வண்டி வந்தாலும், ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தாலும்கூட, அவன் சொல்வது ஒன்றுதான்.

“ஆயில் மாத்திப் பாப்பமா?”

மாசானம் ரோட்டைத் தாண்டி வந்து விசாரித்தான். விசாரிக்கும்போது அவன் முகத்தில் இருந்த வருத்தம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. நல்லவேளை, நேற்றே தடியங்காய் கட்டினேன். கட்டாமல் இருந்திருந்தால் லிஃப்டே சாய்ந்திருக்கும்.

ஜூன் 16, செவ்வாய்

பொத்தானை மாற்றினேன். ஏறவில்லை.

ஜூன் 17, புதன்

கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தார். ஆள் அனுப்ப இருபத்தொன்பதாம் தேதி ஆகிவிடும், அதுவரைக்கும் போனிலேயே பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“ஏனுங்ணா, மேல ரப்பர் சுத்துன கம்பி ஒண்ணு இருக்குமுங்க. காரோட கூரை அதுல முட்டீட்டு நிக்குதுங்களா?”

ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கிறது.

“முட்டல தம்பி.”

“வேற ஏதாச்சும் அதுல தொங்குதுங்களா?”

“ஒண்ணும் தொங்கல தம்பி.”

நான் பொய் சொல்கிறவன் இல்லை. திருஷ்டிக்கு உள்ளதை யாரும் ‘தொங்குகிறது’ என்று சொல்வது கிடையாது. ‘கட்டியிருக்கிறது’ என்றுதான் சொல்வோம். தொங்குகிறதா என்று கேட்டால் தொங்கவில்லை.

தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் கெப்பாசிட்டராக இருக்கலாம், பஸ்ஸில் போட்டு விடுகிறேன் என்றார்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். இப்போதெல்லாம் தினமும் வருகிறார், அவருடைய கார் இங்கே இருக்கிறதல்லவா. கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார். “அந்தத் தடியங்காய எப்போ அண்ணாச்சி கட்டுனீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. “டீச்சர், நீங்க சர்ச்சுக்குப் போறீங்க. நான் எதாவது கேக்கேனா? அவங்கவங்க நம்பிக்கை அவங்கவங்களுக்கு.”

“அய்யோ, நான் அதுக்குச் சொல்லல. என்ன கேக்க வந்தேன்னா...”

“வேண்டாம் டீச்சர். நம்ம ஊர்ல இதுவரைக்கும் அந்த மாதிரி பேச்சே வந்தது கிடையாது. நாமளும் கொண்டுவர வேண்டாம்.”

பிறகு ஊர் ஒற்றுமை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசினேன். டீச்சர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அதற்குமேல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு விஷயத்துக்காக இவ்வளவு கோபம் வந்ததில் எனக்கே ஆச்சரியம்தான்.

ஜூன் 18, வியாழன்

கெப்பாசிட்டர் வந்தது. மாட்டினேன். ஏறவில்லை.

தவசி கேட்காமலேயே ஆயிலை மாற்றிவிட்டான். ஏறவில்லை. பழைய ஆயிலைத் தரையில் கொட்டியதில் நான் வழுக்கி விழுந்தேன். மாசானம் பார்த்துவிட்டான்.

ஜூன் 19, வெள்ளி

இன்று நடந்ததை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

டெஸ்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாணவிகள் மூவரும் வந்துவிட்டார்கள். டீச்சர் என்னிடம் கேட்டார்: கார் கொக்கியில் பூட்டித்தானே நிற்கிறது, அசையுமா? அசையாது, யானை ஏறி உட்கார்ந்தாலும் அசையாது என்றேன். இஞ்சின் ஓடுமா? ஓடும், சைலென்சர் புதுசு. சக்கரம் சுற்றுமா?

“சுத்தும் டீச்சர். ஆனா எங்க போவ?”

“எங்கயும் போவ வேண்டாம். கிளச்சும் கியரும் பழகுனா போதும்” என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைக் கேட்டார்.

மறுத்துப் பார்த்தேன். என் கொக்கியின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டார். அப்படிக் கேட்டால் நான் என்ன செய்ய முடியும்? காருக்கு அடியில் நான்கு பக்கமும் உயர ஸ்டாண்டு முட்டுக்கொடுத்தேன். தவசி ஏணியைப் பிடித்தான். டீச்சர் ஏறினார். பின்னாலேயே சண்முகத்தாய் அம்மா, “எக்கா, என்னைப் பெத்த தாயே” என்று முனகிக்கொண்டே ஏறினார்.

இந்த சண்முகத்தாய்க்கு ஐம்பது வயது. லைசென்ஸ் வாங்குகிற வரைக்கும் பரோட்டா தொடுவதில்லை என்று ஜனவரியிலேயே அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். தென்காசிப் பக்கத்தில் ஆறு மாதம் பரோட்டா சாப்பிடாமல் இருப்பதென்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வண்டி ஓட்டும்போது எதிரே எது வந்தாலும், ஆடு வந்தால்கூட, ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வாராம்.

மேலே இஞ்சின் கிளம்பியது. முன்சக்கரம் இரண்டும் காற்றில் சுற்றின.

“ஃபர்ஸ்ட் போடு. கிளச்ச மெதுவா விடு. மெதுவா. எதுக்க யாரும் வரல, கண்ணத் தொற.”

“வரமாட்டாவளா டீச்சர்?”

“நாம தரையிலயே இல்ல. எப்படி வருவாவ?”

சண்முகத்தாய் கண்ணைத் திறந்தார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. ஒரு தடவைகூட இஞ்சின் நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பச் சொன்னபோது கையை வெளியே நீட்டி சிக்னலும் காட்டினார். கை கீழே நின்ற தவசியின் தலைக்கு மேலே நீண்டது, அவன் ஒதுங்கிக்கொண்டான்.

ஜூன் 20, சனி

மூன்று பேரும் மாறி மாறி மேலே ஓட்டினார்கள். குற்றாலம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒரு குடும்பம் வடை வாங்கி வந்து உட்கார்ந்தே பார்த்தது. மாசானம் பள்ளத்தில் கார் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றான். சண்முகத்தாய் அவனைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

நான் லிஃப்டின் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிற மோட்டாருக்கு நான் எதற்குத் தென்காசிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். புதுசாகக் கம்பி சுற்றிக் கொடுத்தார்.

டீச்சர் இறங்கும்போது ஏணியின் கடைசிப் படியில் கால் தடுமாறியது. கையைக் கொடுத்தேன். “தேங்க்ஸ் அண்ணாச்சி” என்றார். இது தேவையில்லாத அண்ணாச்சி.

ஜூன் 21, ஞாயிறு

காலையில் கடை திறந்தபோது தடியங்காய் அழுகிக் கீழே விழுந்து கிடந்தது. தவசியின் ஆயில் டின்னின் மேலேயே விழுந்திருக்கிறது. வலை மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. பெருக்கித் தள்ளிவிட்டு மோட்டாரை மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன்.

ஏறியது.

என் காதில் அந்த உறுமல் விழுந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு விரற்கடை ஏறியதும் நிறுத்தினேன். தவசி, “எறக்கிருவோம்” என்றான். ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டுக் கொக்கியை விடுவிக்கக் கையை வைத்தேன், அப்போதுதான் யோசனை வந்தது. ஆறு கிலோ தடியங்காயே ஒரு வாரம் தாங்கவில்லை என்றால் கண்ணேறு எந்த அளவுக்கு இருந்திருக்கும்? அழுகி விழுந்த இடத்தில் புதுசு கட்டாமல் காரை அசைத்தால், நடு வழியில் ஏதாவது ஆனால், யார் பொறுப்பு? நம்பிக்கை என்பது வேறு, எச்சரிக்கை என்பது வேறு.

மறுபடி கொக்கியிலேயே உட்கார வைத்துவிட்டுச் சந்தைக்கு ஓடினேன். இந்தத் தடவை பன்னிரண்டு கிலோ. தவசியும் நானும் சேர்ந்து தூக்கித்தான் கட்டினோம். மீசை இல்லாமல் வரையச் சொன்னேன்.

மத்தியானம் டீச்சர் சர்ச்சிலிருந்து நேரே வந்தார். நான் போனில் சொல்லியிருந்தேன். கையில் சாக்லேட் டப்பா. மாசானத்தையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். எல்லோர் முன்னாலும் பொத்தானை அமுக்கினேன்.

ஒன்றுமில்லை.

திரும்பத் திரும்ப அமுக்கினேன். தவசி வாயைத் திறந்தான். ஆயில் என்ற சொல் வந்தால் அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். எதையோ சொல்ல வந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சாக்லேட்டை மாசானம் எடுத்துச் சாப்பிட்டான்.

ஜூன் 22, திங்கள்

டீச்சர் மகளுக்குப் போன் செய்துவிட்டார். வியாழக்கிழமை டெஸ்ட் நடக்கவில்லை என்றால் அடுத்த வாரம் சென்னைக்கு ரயில். மேலே பழகியது கியருக்குப் போதும், ஆனால் ஒரு தடவையாவது ரோட்டில் ஓட்டாமல் டெஸ்டுக்குப் போக முடியாது, வேறு வண்டியில் ஏறினால் சண்முகத்தாய் மறுபடி கண்ணைப் பொத்திக்கொள்வார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

எனக்கு இன்று வேலை ஓடவில்லை. டீச்சர் உட்காருகிற ஸ்டூல் காலியாகக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை, எடுத்து உள்ளே போட்டேன். பிறகு வெளியே எடுத்துப் போட்டேன். ஒரு வாடிக்கையாளரை இழப்பது எந்தத் தொழிலிலும் கஷ்டம்தான்.

மாசானத்திடம் போனேன். ஆமாம், நானே போனேன், ரோட்டைத் தாண்டி. ஆள் கூட்டி, செயின் பிளாக் கட்டி, லிஃப்டின் கைகளைத் தூக்கிக் கொக்கியை விடுவிக்க முடியுமா என்று கேட்டேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “செவ்வாக்கெழம முடியாதுவே, செயின் பிளாக்கு கடையநல்லூர்ல கெடக்கு. புதன் காலைல எடுத்தாரேன்” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, “டீச்சருக்காகவா?” என்று கேட்டான்.

காருக்காக என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

காலையில் டீச்சர் தனியாக வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

“ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது.”

“சொல்லுங்க டீச்சர்.”

“அன்னைக்கு நான் உங்க நம்பிக்கையைப் பத்திப் பேச வரல. நீங்க நம்ம ஊர் ஒத்துமையைப் பத்திலாம் பேசுனீங்களா, சரி, ஒருத்தர் கும்பிட்டுக் கட்டுனத நாம எதுக்கு அவுக்கச் சொல்லணும்னு விட்டுட்டேன். ஆனா ஞாயித்துக்கெழம நீங்க பெருசு கட்டுன பொறவு அந்தக் கம்பி நல்லா கீழ எறங்கிட்டு. நீங்களே பாருங்க. கம்பி முடியுற எடத்துல சின்னதா ஒரு பெட்டி. பெட்டில இருந்து வயரு போவுது. மோட்டாருக்குத்தான் போவுது.” குடையால் மேலே காட்டிக் கேட்டார். “நம்பிக்கைக்கு எதுக்கு வயரு?”

நான் அண்ணாந்து பார்த்தேன்.

வயர் போகத்தான் செய்கிறது. இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததே இல்லை. போனில் கேட்ட தம்பியின் குரல் காதுக்குள் வந்தது. காரின் கூரை உத்தரத்தில் போய் இடிக்காமல் இருப்பதற்காக அந்தக் கம்பியை வைத்திருக்கிறார்கள். கம்பியில் எது முட்டினாலும், எது கனத்தாலும், மோட்டார் நின்றுவிடும். அதற்கு கார் என்றும் தெரியாது, தடியங்காய் என்றும் தெரியாது.

ஏணி போட்டு ஏறினேன். கயிற்றை அறுத்தேன். பன்னிரண்டு கிலோவையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது கம்பி மெல்ல எழும்பி, பெட்டிக்குள் ‘க்ளிக்’ என்றது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டீச்சர் கீழே நின்று பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

ஏறியது. பிறகு இறங்கியது.

கார் தரையைத் தொட்டதும் நான் தடியங்காயோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். புதுப் பொத்தான், புது கெப்பாசிட்டர், புது ஆயில், புதுசாகச் சுற்றிய மோட்டார். அவமானமாக இருந்தது. டீச்சர் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடை மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

மாசானம் ஓடி வந்தான். “என்னவே கோளாறு? எப்படி எறக்குனீரு?”

டீச்சர் குடையை மடக்கிவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார். “மேல ஒரு பாரம் இருந்துச்சு. எறக்கி வச்சாச்சு.”

அவன் புரிந்ததுபோல் தலையாட்டினான். போகும்போது என் மடியில் இருந்த தடியங்காயைப் பார்த்தான். அந்தத் தடியங்காயை டீச்சர் கேட்டு வாங்கி, காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

ஜூன் 24, புதன்

மூன்று பேரும் ரோட்டில் ஓட்டிப் பழகினார்கள். சண்முகத்தாய் கிளச்சை அழகாக விட்டாராம். கார் நகர்ந்ததும், “ஐயோ டீச்சர், இது போவுது” என்று கத்தினாராம்.

மாசானம் சொன்ன சொல்படி செயின் பிளாக்கோடு வந்து நின்றான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 25, வியாழன்

கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே வண்டியின் ஹெட்லைட்டை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன்.

பகல் ஒன்றரைக்கு ரோட்டில் ஹாரன் கேட்டது. வெள்ளை மாருதி வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தது சண்முகத்தாய். மடியில் பரோட்டாப் பொட்டலம். மூன்று பேரும் பாஸ்.

“எதுக்க லாரி வந்துச்சு, ஐயா” என்றார் என்னிடம். “கண்ணப் பொத்தலாம்னு தோணுச்சு. உடனே, நாம மேலதான் இருக்கோம், அவன் கீழதான் போறான்னு நெனச்சுக்கிட்டேன். போயிட்டான்.”

எல்லோருக்கும் பரோட்டா பிய்த்துக் கொடுத்தார். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சென்னை ரயில் என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன். வாயில் பரோட்டா இருந்தது.

ஜூன் 27, சனி

கோயம்புத்தூர் தம்பி போன் செய்தார். திங்கட்கிழமை ஆள் வரட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம், சரியாகிவிட்டது என்றேன். என்ன கோளாறுங்க என்றார். கெப்பாசிட்டர் என்றேன்.

ஜூன் 29, திங்கள்

டீச்சர் வந்தார். எவர்சில்வர் தூக்குச்சட்டி நிறைய காசி அல்வா. தங்க நிறம், மேலே முந்திரி, விளிம்பில் நெய். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு கிலோ.

“நல்லாருக்கா?”

“நல்லாருக்கு. மொகம்?”

“அத சீவிட்டுத்தான் செஞ்சேன்.”

தவசி இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். மாசானத்துக்கும் கொடுத்தனுப்பினோம். அவன் அங்கிருந்தே கட்டைவிரலைக் காட்டினான்.

பிறகு டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சென்னைக்குப் போகவில்லையாம், மகளை இங்கே வரச் சொல்லியிருக்கிறாராம். அடுத்த பேட்சில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் மேலே வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் வருவோம் என்கிறார்களாம். கண்ணை உயர்த்தி ரப்பர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு வாரத்துக்கு காரு எறங்காம நிக்கணும். அதுக்கு உங்ககிட்டத்தான் ஒரு வழி உண்டுல்லா?”

கார் இறங்காமல் நிற்பதற்குக் கொக்கியே போதும், இறக்குகிற ஆள் நான்தான், நான் இறக்காவிட்டால் அது இறங்காது. இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். ‘அண்ணாச்சி’ ஒரு தடவைகூட வரவில்லை. தவசியும் கவனித்திருக்கிறான், டீச்சர் போனதும் என்னைப் பார்த்து இளித்தான். அவனிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சந்தைக்குப் போய், நல்ல கனமாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன்.